சிலிக்கோன் மேல் அல்லைலமைன் பிளாஸ்மா படலம் உப்புக் கரைசலில் வெளுத்து உரிகிறது: பவரைக் கூட்டலாமா?

மென்படலம் (கேள்வி)

வணக்கம். ரத்தம் படும் சிலிக்கோன் பாகங்களில் ஹெபாரினை (ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து) வேதிப்பிணைப்பால் நிலைநிறுத்துவது நோக்கம். அதற்கு அடித்தளமாக அல்லைலமைன் பிளாஸ்மா பாலிமர் படலம் (அல்லைலமைன் ஆவியைப் பிளாஸ்மாவில் வினைபுரியவைத்துப் படியவிடும், அமைன் தொகுதிகள் கொண்ட படலம்) போடுகிறோம்.

அமைப்பு: சுமார் 10 லிட்டர் கண்ணாடி உருளை, வெளியே செம்புச் சுருள், 13.56 மெகாஹெர்ட்ஸ் ஆர்.எஃப்., கையால் திருப்பும் மேட்சிங் பாக்ஸ், ரோட்டரி பம்ப், பைரானி கேஜ் (வாயுவின் வெப்பக் கடத்தலை வைத்து அழுத்தம் காட்டுவது). மோனோமர் குடுவையிலிருந்து நீடில் வால்வு வழியாக ஆவி வருகிறது.

செய்முறை: சில்கார்டு 184 சிலிக்கோன் ரப்பர் (பி.டி.எம்.எஸ்.; பிசினும் கடினமாக்கியும் 10:1, 2 மி.மீ. தடிமன்), டைட்டானியம் வில்லைகள், சாட்சிக்கு சிலிக்கான் வேஃபர் துண்டுகள். முதலில் ஆக்சிஜன் பிளாஸ்மா 100 வாட், 5 நிமிடம். பிறகு அல்லைலமைன், கேஜில் 20 பாஸ்கல், 40 வாட், 5 நிமிடம்.

சிக்கல்: 37 டிகிரியில் பி.பி.எஸ். (பாஸ்பேட் பஃபர் கலந்த உப்பு) கரைசலில் ஓர் இரவு வைத்தால் சிலிக்கோன் மேல் உள்ள படலம் வெளுக்கிறது. மைக்ரோஸ்கோப்பில் மயிர் போன்ற விரிசல்கள், ஓரங்களில் செதில்கள். டைட்டானியம் மேல் படலம் அப்படியே நிற்கிறது. ஆனால் அதன் நீர்த் தொடுகோணம் (நீர்த்துளி பரப்போடு ஏற்படுத்தும் கோணம்; கூடினால் நீர்வெறுப்பு கூடுகிறது) 50 டிகிரியில் தொடங்கி ஒரு வாரத்தில் 70-ஐத் தொடுகிறது.

பவர் போதாததால் குறுக்குப்பிணைப்பு குறைந்து படலம் கரைகிறது என்பது எங்கள் ஊகம். 100 வாட்டுக்கு ஏற்றினால் தீருமா?

---

வெற்றிடவாசி

ஏற்றாதீர்கள். நீங்கள் எழுதியதிலேயே மறுப்பு இருக்கிறது: படலம் கரையும் தன்மையுடையது என்றால் டைட்டானியம் மேலும் கரைந்திருக்க வேண்டும். அங்கே நிற்கிறது, சிலிக்கோன் மேல் மட்டும் விரிகிறது என்றால் கோளாறு படலத்துக்கும் ரப்பருக்கும் நடுவில் இருக்கிறது.

ஆனாலும் ஊகத்தில் போக வேண்டாம். மூன்று எண்கள் வேண்டும்.

முதலாவது, வேஃபர் மேல் படலத்தின் தடிமன், நீரில் நனைப்பதற்கு முன்னும் பின்னும். எலிப்ஸோமீட்டர் (ஒளியால் தடிமன் அளக்கும் கருவி) இருந்தால் நல்லது. இல்லையென்றால் வேஃபரின் ஒரு மூலையை மறைத்துப் பூசி, படிக்கட்டின் உயரத்தை ஸ்டைலஸ் புரொஃபைலோமீட்டரிலோ ஏ.எஃப்.எம்.மிலோ (அணுவிசை நுண்ணோக்கி) எடுங்கள். பி.பி.எஸ்.ஸிலிருந்து எடுத்ததும் தூய நீரில் இரண்டு முறை அலசி நைட்ரஜனில் உலர்த்திய பிறகே அளக்க வேண்டும். உப்புப் படிகம் மிச்சமிருந்தால் அதையும் படலக் கணக்கில் சேர்த்துவிடுவீர்கள்.

இரண்டாவது, கசிவு வேகம். காலி அறையை முழுதாக வெற்றிடமாக்கி, பம்ப் வால்வை மூடி, அழுத்தம் நிமிடத்துக்கு எத்தனை பாஸ்கல் ஏறுகிறது என்று பாருங்கள். பத்து நிமிடம் குறியுங்கள். நேர்க்கோடாக ஏறினால் உண்மையான கசிவு. வளைந்து தட்டையானால் சுவரிலிருந்தோ சிலிக்கோனிலிருந்தோ வெளிவரும் வாயு. அதனால் மாதிரிகள் இல்லாமல் ஒரு முறை, வைத்து ஒரு முறை.

மூன்றாவதுதான் முக்கியம்: மோனோமர் எவ்வளவு பாய்கிறது? 20 பாஸ்கல் என்பது பாய்ச்சல் இல்லை. பம்ப் வால்வைப் பாதி மூடினால் சொட்டுப் பாய்ச்சலிலும் 20 காட்டும். போதாததற்கு பைரானி நைட்ரஜனுக்கு அளவுதிருத்தியது. கரிம ஆவிக்கு உண்மையைவிட அதிகமாகத்தான் காட்டும். கெப்பாசிட்டன்ஸ் மானோமீட்டர் இல்லாதவர்களுக்கு எளிய வழி தராசு. பிளாஸ்மா இல்லாமல், குளிர்பொறி (ஆவியை உறையவைத்துப் பிடிப்பது) போட்டு, அதே வால்வு நிலையில் ஒரு மணி நேரம் ஆவியை ஓடவிட்டு, குடுவையின் எடைக் குறைவைப் பாருங்கள். அல்லைலமைனின் மூலக்கூறு எடை 57.1. ஒரு எஸ்.சி.சி.எம். (திட்ட நிலையில் நிமிடத்துக்கு ஒரு கன சென்டிமீட்டர் வாயு) என்றால் மணிக்கு 0.153 கிராம். அதை வைத்து வகுத்தால் பாய்ச்சல் கிடைத்துவிடும்.

---

மென்படலம்

நன்றி. அளந்தாயிற்று.

வேஃபர் மேல் 140 நானோமீட்டர், பி.பி.எஸ்.ஸில் ஒரு நாள் கழித்து 136. கசிவு, காலி அறையில் நிமிடத்துக்கு 2 பாஸ்கல், ஏறத்தாழ நேர்க்கோடு. குடுவை ஒரு மணி நேரத்தில் 0.3 கிராம் இழந்தது.

---

வெற்றிடவாசி

இப்போது படம் தெளிவு.

0.3 கிராம் என்றால் 2 எஸ்.சி.சி.எம்.தான். 40 வாட்டுக்கு அது மிகவும் குறைவு. யசுடா அளவுரு போட்டுப் பாருங்கள். மிசௌரி பல்கலைக்கழகத்தில் இருந்த ஹிரோட்சுகு யசுடா முன்வைத்த அந்த விகிதம், பவரை மோனோமரின் நிறைப் பாய்ச்சலால் வகுத்தது. கிலோவுக்கு ஜூல் அலகில் வர, வாட்டை எஸ்.சி.சி.எம். மற்றும் மூலக்கூறு எடையின் பெருக்கத்தால் வகுத்து 134 கோடியால் பெருக்க வேண்டும். உங்களுடையது கிலோவுக்கு 470 மெகாஜூல். ஒரு மூலக்கூறுக்கு என்று மாற்றினால் சுமார் 280 எலக்ட்ரான் வோல்ட். ஒரு கார்பன்–கார்பன் ஒற்றைப் பிணைப்பை உடைக்க 3.6 போதும். மேட்சிங் பாக்ஸிலும் சுருளிலும் பாதி பவர் வெப்பமாகப் போயிருந்தாலும் மிச்சம் மூலக்கூறைப் பொடியாக்கப் போதுமானது.

ஆக, உங்கள் படலத்தில் குறுக்குப்பிணைப்பு குறைவில்லை, மிதமிஞ்சி இருக்கிறது. 140-இல் 4 நானோமீட்டர்தான் கரைந்திருக்கிறது என்பதும் அதையே சொல்கிறது. விறைப்பான, உள்தகைவு ஏறிய, அமைன் வற்றிப்போன படலம். 100 வாட் வைத்தால் இன்னும் விறைக்கும், இன்னும் சீக்கிரம் உரியும்.

கசிவுக்கு வருவோம். 10 லிட்டர் அறையில் 1 எஸ்.சி.சி.எம். பாய்ந்தால் அறை வெப்பத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11 பாஸ்கல் ஏறும். உங்கள் 2 பாஸ்கல் என்பது 0.18 எஸ்.சி.சி.எம். காற்று. மோனோமரோடு ஒப்பிட்டால் 9 சதவீதம். அதில் ஐந்தில் ஒன்று ஆக்சிஜன், கூடவே நீராவி. படலத்தில் ஆக்சிஜன் ஏறுவதற்கு ஒரு வாரம் காத்திருக்கத் தேவையில்லை, பூசும்போதே உள்ளே போகிறது. நிமிடத்துக்கு 0.1 பாஸ்கலுக்குக் கீழே இறக்குங்கள்.

கசிவு எங்கே என்று தேடும்போது ஓ-ரிங்குகளை முதலில் பாருங்கள். கறுப்பு விட்டான் (ஃபுளோரோ ரப்பர்) வளையம் போட்டிருந்தால் அதுதான். விட்டானுக்கு அமைன் ஆகவே ஆகாது. வீங்கும், பிறகு கெட்டியாகி வெடிக்கும். மோனோமர் பக்கம் ஈ.பி.டி.எம். ரப்பர் போடுங்கள், வசதி இருந்தால் கால்ரெஸ் (பெர்ஃபுளோரோ ரப்பர்). வால்வுக்கு உள்ளே இருக்கும் சின்ன வளையத்தை மறந்துவிடாதீர்கள். கண்ணாடி மூட்டுகளில் சிலிக்கோன் கிரீஸ் வேண்டவே வேண்டாம்.

---

பரப்பாய்வு

வெற்றிடவாசி சொன்ன படலத்தின் விறைப்பு பாதிக் கதை. மீதி உங்கள் ஆக்சிஜன் பிளாஸ்மாவில் இருக்கிறது.

பி.டி.எம்.எஸ். மேல் 100 வாட், 5 நிமிடம் ஆக்சிஜன் என்பது மிகவும் கடுமை. மேல்பரப்பில் மீத்தைல் தொகுதிகள் எரிந்து போய் சிலிக்கா போன்ற கண்ணாடித்தோல் உருவாகிறது. கீழே மென்மையான ரப்பர், மேலே கண்ணாடி. எடுக்கும்போது கொஞ்சம் வளைந்தாலே தோல் விரிசல் விடும். அந்த விரிசல்கள் வழியே கட்டுப்படாத சிறு சிலிக்கோன் சங்கிலிகள் மேலே ஊறி வந்து பரப்பை மறுபடி நீர்வெறுப்பாக்கிவிடும். அதன் மேல் நீங்கள் 140 நானோமீட்டர் விறைப்புப் படலத்தை ஏற்றியிருக்கிறீர்கள். கரைசலில் அமைன்கள் நேர்மின்னேற்றம் பெற்று நீரை இழுக்க, படலம் பக்கவாட்டில் விரியப் பார்க்கும். ஒட்டு பலமில்லாத இடத்தில் கொப்புளம் கிளம்பும். நீங்கள் பார்க்கும் வெண்மை அந்தக் கொப்புளங்களில் சிதறும் ஒளிதான்.

சிலிக்கோன் மேல் பிளாஸ்மாப் படலம் நிற்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சீபா விஷனின் ஃபோகஸ் நைட் அண்டு டே காண்டாக்ட் லென்ஸ், சிலிக்கோன் ஹைட்ரோஜெல் மேல் சுமார் 25 நானோமீட்டர் பிளாஸ்மாப் படலம் போட்டதுதான். 30 நாள் தொடர்ந்து அணிய 2001இல் அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதித்தது. அதே காலத்துப் பாஷ் அண்டு லோம்பின் பியூர்விஷன் லென்ஸில் பிளாஸ்மா ஆக்சிஜனேற்றம் செய்தார்கள். அதன் பரப்பு தொடர்ச்சியான தோலாக இல்லாமல் கண்ணாடித் தீவுகளாக இருக்கும், இடையிடையே வெற்று லென்ஸ் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நீங்கள் எந்த வழியில் போக வேண்டும் என்று புரியும்: மெல்லிய, வளையக்கூடிய, தொடர்ச்சியான படலம்.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள்.

சில்கார்டு துண்டுகளை முதலில் ஹெக்சேனில் ஒரு நாள் ஊறவைத்து, நடுவில் இரண்டு முறை கரைப்பானை மாற்றுங்கள். ரப்பர் நீளவாக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீங்கும், பதற வேண்டாம். ஆனால் நேராக வெளியே எடுத்துக் காயவிட்டால் வெளிப்புறம் முதலில் சுருங்கி விரிசல் விழும். ஹெக்சேனிலிருந்து எத்தனால் கலந்த ஹெக்சேன், பிறகு தனி எத்தனால் என்று படிப்படியாக இறக்கி, 60 டிகிரி வெற்றிட அடுப்பில் ஓர் இரவு. முன்னும் பின்னும் எடை போட்டால் எவ்வளவு எண்ணெய் வெளியேறியது என்று தெரியும். இந்தப் படியை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சரிசெய்தாலும் பலன் பாதிதான்.

ஆக்சிஜனுக்குப் பதில் ஆர்கான், 10 முதல் 20 பாஸ்கல், 20 வாட், 30 நொடி. ஒரு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். மந்த வாயுவின் கிளர்ந்த துகள்கள் பாலிமர் பரப்பைக் குறுக்குப்பிணைத்துப் பலப்படுத்தும் என்பதை 1966இலேயே பெல் ஆய்வகத்தின் ஹான்சனும் ஷோன்ஹார்னும் காட்டியிருக்கிறார்கள். ஆர்கானை நிறுத்தி அறையைத் திறக்காமல், பிளாஸ்மா அணைந்த அதே நிமிடத்தில் மோனோமருக்குப் போங்கள்.

தடிமனை 30 நானோமீட்டருக்கு இறக்குங்கள். எக்ஸ்.பி.எஸ். (பரப்பில் உள்ள தனிமங்களை எக்ஸ் கதிரால் அளப்பது) மேலிருந்து பத்து நானோமீட்டருக்குள்தான் பார்க்கிறது. ஹெபாரினுக்கும் வேண்டியது அந்த மேல்தோல் மட்டுமே. 140 எதற்கும் பயன்படாது, தகைவை மட்டும் ஏற்றும்.

---

வெற்றிடவாசி

பரப்பாய்வு சொன்னதோடு சேர்த்து, மோனோமர் கட்டத்துக்கு ஒரு ஏணி போட்டுத் தருகிறேன்.

மோனோமரை முதலில் திரவ நைட்ரஜனில் உறையவைத்து, பம்பால் காற்றை இழுத்து, உருகவைத்து, மூன்று சுற்று. கரைந்திருக்கும் காற்று போகாவிட்டால் முதல் ஓட்டம் ஒரு மாதிரியும் ஐந்தாவது ஓட்டம் வேறு மாதிரியும் வரும். குடுவையை 20 டிகிரி நீர்த்தொட்டியில் வையுங்கள். அல்லைலமைன் 53 டிகிரியில் கொதிப்பது, தானாகவே தாராளமாக ஆவியாகும், சூடாக்க வேண்டாம். ஆனால் ஆவியாகும்போது குடுவை குளிர்ந்து பாய்ச்சல் இறங்கும். நீர்த்தொட்டி அதைத் தடுக்கத்தான்.

பாய்ச்சலை 8 எஸ்.சி.சி.எம்.முக்கு ஏற்றுங்கள், தராசில் மணிக்கு 1.2 கிராம். பம்ப் வால்வைத் திருப்பி அழுத்தத்தை 15–20 பாஸ்கலில் நிறுத்துங்கள். இப்போது 5, 10, 20, 40 வாட்டில் வேஃபர் மேல் மட்டும் பூசுங்கள். மூலக்கூறுக்கு முறையே சுமார் 9, 17, 35, 70 எலக்ட்ரான் வோல்ட். ஒவ்வொன்றிலும் 30 நானோமீட்டர் வரும்படி நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு 37 டிகிரி பி.பி.எஸ்., ஒரு நாள். 5 வாட் படலம் கணிசமாகக் கரையலாம். 90 சதவீதமாவது தங்குகிற மிகக் குறைந்த பவர் எதுவோ அதுதான் உங்களுடையது. பிறரின் கட்டுரையில் உள்ள வாட் எண்ணை எடுத்துவந்து போடாதீர்கள். அது அவர்கள் அறையின் எண், உங்கள் அறைக்குப் பொருந்தாது.

குறைந்த பவரில் ஒட்டு பலவீனம் என்ற பயம் நியாயமானதே. அதற்கு 40 வாட்டில் 10 நொடி தொடங்கி, அணைக்காமல் 10 வாட்டுக்கு இறக்குங்கள். அடியில் இறுக்கமான சில நானோமீட்டர், மேலே அமைன் நிறைந்த படலம். இறக்கும்போது மேட்சிங் மாறும். எதிரொளிக்கும் பவரைப் பார்த்துக்கொண்டே திருப்பி ஒரு வாட்டுக்குள் வையுங்கள். 10 வாட்டில் 3 வாட் திரும்பி வந்தால் அது சிறு பிழை இல்லை.

ஜெனரேட்டரில் துடிப்பு வசதி இருந்தால் அதை எடுங்கள். 50 வாட், ஒரு மில்லிநொடி எரிந்து ஒன்பது மில்லிநொடி அணைந்தால் சராசரி 5 வாட். எரியும் பொழுது தீவிர உறுப்புகள் (ராடிகல்கள்) பிறக்கின்றன, அணைந்த பொழுது அவை மோனோமரின் இரட்டைப் பிணைப்போடு உடையாமல் சேர்கின்றன. அல்லைல் வகைகளுக்கு இந்த வழி அமைனை நன்றாகக் காப்பாற்றும்.

முடிந்ததும் பிளாஸ்மாவை அணைத்து, மோனோமரை மேலும் ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள், பரப்பில் சிக்கியிருக்கும் தீவிர உறுப்புகள் அதோடு முடிந்துகொள்ளட்டும். பிறகு முழு வெற்றிடம், பிறகு ஆர்கான் விட்டுத் திறப்பு.

பாதுகாப்பு விஷயம், யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்லியாக வேண்டும். அல்லைலமைன் இதயத் தசைக்கு நச்சு, கண்ணையும் மூச்சுக்குழாயையும் அரிக்கும், பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழேயும் தீப்பற்றும். பம்பின் வெளியேற்றுக் குழாய் ஃபியூம் ஹூடுக்குள்தான் போக வேண்டும். திரவ நைட்ரஜன் குளிர்பொறி கட்டாயம், ஆனால் அது குளிர்ந்திருக்கும்போது காற்றுக்குத் திறந்துவிடாதீர்கள். ஆக்சிஜன் திரவமாகி, பொறியில் உள்ள அமைனோடு சேர்ந்தால் வெடிக்கும். அறையைச் சுத்தம் செய்ய ஆக்சிஜன் பிளாஸ்மா ஓட்டுவதற்கு முன்பு பொறியைக் காலிசெய்யுங்கள். சாதாரணக் கனிம எண்ணெய் உள்ள ரோட்டரி பம்பில் தூய ஆக்சிஜனை இழுப்பதும் ஆபத்து. ஃபோம்ப்ளின் போன்ற பெர்ஃபுளோரோ எண்ணெய்க்கு மாறுங்கள்.

---

மென்படலம்

ஓ-ரிங் விட்டான்தான், மாற்றுகிறோம். இரண்டு சந்தேகங்கள்.

ஒன்று, தொடுகோணம் 50-இலிருந்து 70 போவதற்குக் காரணம் என்ன? அதை நிறுத்த முடியுமா? இரண்டு, சாட்சி வேஃபரில் எக்ஸ்.பி.எஸ். எடுத்தபோது சிலிக்கான் 3 சதவீதம் தெரிந்தது. படலம் 140 நானோமீட்டர் என்றால் வேஃபர் எப்படித் தெரியும்? துளைகள் இருக்குமோ?

---

பரப்பாய்வு

இரண்டாவதை முதலில் பார்ப்போம். சிலிக்கான் 2பி உச்சி எங்கே நிற்கிறது? வேஃபரின் தனிமச் சிலிக்கான் 99.3 எலக்ட்ரான் வோல்ட். சிலிக்கோன் 102-க்குப் பக்கத்தில். சிலிக்கா 103-க்கு மேலே. துளை என்றால் 99-இல் ஒரு சிறு உச்சியாவது தெரிய வேண்டும். 102-இல் மட்டும் இருந்தால் அது வேஃபர் இல்லை. கழுவாத சில்கார்டு வெற்றிடத்தில் கசியவிட்ட எண்ணெய், அல்லது மூட்டுகளில் தடவிய கிரீஸ், அல்லது அதே அறையில் முன்பு யாரோ ஹெச்.எம்.டி.எஸ்.ஓ. (சிலிக்கான் உள்ள வேறொரு மோனோமர்) ஓட்டிய மிச்சம். பிளாஸ்மா அறைக்கு நினைவாற்றல் அதிகம். சுவரில் படிந்தது அடுத்த ஓட்டத்தில் பொறிக்கப்பட்டு மாதிரிக்கு வந்து சேரும். அல்லைலமைன் படிவை ஆக்சிஜன் பிளாஸ்மா எரித்துவிடும். சிலிக்கோன் படிவை எரிக்காது, சிலிக்காவாக மாற்றி அங்கேயே விட்டுவிடும். அதைக் கையால் தேய்த்தெடுக்க வேண்டும், அல்லது உள்ளே ஒரு கண்ணாடி உறை போட்டு உறையை மாற்றிக்கொள்ளலாம். ஹெச்.எம்.டி.எஸ்.ஓ.வுக்குத் தனி அறை வைப்பதே நிம்மதி.

தொடுகோணத்தில் இரண்டு நிகழ்வுகள் ஒன்றாக நடக்கின்றன. காற்றைப் பார்த்து இருக்கும் முனைவுத் தொகுதிகள் மெல்ல உள்ளே திரும்பிக்கொள்கின்றன. கூடவே படலத்துக்குள் சிக்கிய தீவிர உறுப்புகளோடு ஆக்சிஜன் வினைபுரிந்து, வாரக்கணக்கில் அமைனை அமைடாகவும் கார்போனைலாகவும் மாற்றுகிறது. முதலாவது நீரில் போட்டால் திரும்பிவிடும், இரண்டாவது திரும்பாது. எது எவ்வளவு என்று தெரிய, பழைய மாதிரியை ஒரு மணி நேரம் நீரில் வைத்து உலர்த்தி மறுபடி அளந்து பாருங்கள்.

முற்றாக நிறுத்த முடியாது. பவரைக் குறைத்தால் சிக்கும் தீவிர உறுப்புகள் குறையும், ஆர்கானில் அடைத்து வைத்தால் மெதுவாகும். ஆனால் ஹெபாரின் பிணைக்கப் போகிறீர்கள் என்றால் சரியான விடை வேறு: பூசிய அன்றே பிணைத்துவிடுங்கள்.

தொடுகோணத்தை மட்டும் வைத்து அமைன் இருக்கிறது என்று முடிவுகட்டாதீர்கள், ஆல்கஹால் தொகுதிகள் உள்ள பரப்பும் 50 கொடுக்கும். நைட்ரஜன்/கார்பன் விகிதமும் போதாது. மோனோமரில் அது 0.33. படலத்தில் 0.25 வந்தாலும் அதில் நைட்ரைலும் இமைனும் அமைடும் கலந்திருக்கும். முதன்மை அமைனை மட்டும் எண்ண, ட்ரைஃபுளோரோமீத்தைல் பென்சால்டிஹைடு ஆவியில் மாதிரியை வைத்து, வெற்றிடத்தில் மிச்சத்தை இழுத்துவிட்டு, எக்ஸ்.பி.எஸ்.ஸில் ஃபுளோரினைப் பாருங்கள். ஓர் அமைனுக்கு மூன்று ஃபுளோரின், எட்டு கார்பன் கூடுகிறது. ஃபுளோரின் 6 சதவீதம், கார்பன் 76 சதவீதம் என்று வைத்தால், அமைன் 2. கார்பனில் 16 வெளியிலிருந்து வந்தது, மீதம் 60. நூறு கார்பனுக்கு 3.3 அமைன். எக்ஸ்.பி.எஸ். நேரம் கிடைக்காதவர்கள் ஆசிட் ஆரஞ்சு 7 சாயத்தைப் பி.எச். 3-இல் ஏற்றி, அதே பி.எச்.சில் நன்றாக அலசி, பி.எச். 12-இல் கழற்றி 490 நானோமீட்டர் பக்கத்தில் படிக்கலாம். ஆனால் சாயம் வீங்கிய படலத்துக்குள்ளும் நுழையும், அதனால் தடிமன் ஒன்றாக உள்ள மாதிரிகளை மட்டுமே ஒப்பிடுங்கள்.

---

குருதிநேயன்

ஹெபாரின் பக்கம் நான் சொல்கிறேன்.

ஹெபாரின் கடுமையான எதிர்மின்னேற்றம் கொண்டது, உங்கள் பரப்போ நேர்மின்னேற்றம். ஆகவே வேதிப்பிணைப்பு ஒன்றுகூட நடக்காமலே நிறைய ஹெபாரின் ஒட்டிக்கொள்ளும். ஹெபாரினைக் காட்டும் டோலுயிடின் புளூ சாயம் ஊதாவாகி மகிழ்ச்சி தரும். ரத்தத்தில் போட்டதும் உப்பும் புரதங்களும் அதைக் கழற்றிவிடும். எனவே ஈ.டி.சி. (கார்பாக்சிலையும் அமைனையும் இணைக்கும் வினைப்பொருள்) போடாத ஒரு கட்டுப்பாட்டு மாதிரி ஒவ்வொரு முறையும் கட்டாயம். எல்லா மாதிரிகளையும் 2 மோலார் சோடியம் குளோரைடில் பல மணி நேரம் கழுவிய பிறகே அளக்க வேண்டும். கட்டுப்பாட்டு மாதிரிக்கும் உங்கள் மாதிரிக்கும் உள்ள வித்தியாசம்தான் உண்மையில் பிணைந்தது.

ஈ.டி.சி.யோடு அதன் துணைப்பொருளான என்.எச்.எஸ். சேர்க்கும் வழி எடுத்தால் 0.1 மோலார் எம்.ஈ.எஸ். பஃபர், பி.எச். 5.5 வாக்கில். ட்ரிஸ், கிளைசின், அசிட்டேட் எதுவும் கூடாது. முதல் இரண்டும் தங்கள் அமைனால் வினையைத் தின்றுவிடும், அசிட்டேட் தன் கார்பாக்சிலால். ஈ.டி.சி. பொடியை எடுத்த உடனே கரைத்து உடனே பயன்படுத்துங்கள். ஈரம்பட்ட பழைய புட்டி வேலைக்கு ஆகாது.

இந்த வழியின் குறை, ஹெபாரின் சங்கிலி பல இடங்களில் தைக்கப்பட்டுவிடும். ஆன்டித்ராம்பின் (ஹெபாரின் தூண்டிவிடும், உறைவைத் தடுக்கும் ரத்தப் புரதம்) பிடிக்கும் ஐந்து சர்க்கரைத் தொடர் அசையாமல் படுத்துவிட்டால், அளவில் ஹெபாரின் இருக்கும், செயலில் இருக்காது. அதனால்தான் நைட்ரஸ் அமிலத்தால் ஹெபாரினை மிதமாக வெட்டி, சங்கிலியின் ஒரே முனையில் ஆல்டிஹைடு வரவைத்து, அந்த முனையை மட்டும் அமைனோடு சேர்த்து சயனோபோரோஹைட்ரைடால் ஒடுக்கும் முறை வந்தது. கார்மீடா என்ற ஹெபாரின் பூச்சின் அடிப்படை அதுதான். உங்களிடம் அமைன் பரப்பு ஏற்கெனவே தயாராக இருக்கும்போது இதை முயலாமல் விடுவது வீண். எந்த வழியில் போனாலும் சாயத்தால் அளந்த எடையை எழுதி நிறுத்தாமல், ஆன்டித்ராம்பின் பிணைப்பையோ எஃப்.எக்ஸ்.ஏ. (செயல்நிலையில் உள்ள பத்தாம் உறைவுக் காரணி) தடுப்பையோ அளந்து எழுதுங்கள்.

கிருமிநீக்கத்தை இப்போதே திட்டமிடுங்கள். வெறும் அமைன் படலத்தை எத்திலீன் ஆக்சைடில் போட்டால் அது அமைனோடு நேராக வினைபுரிந்து ஹைட்ராக்சிஎத்தில் தொகுதியாக்கிவிடும், பிறகு ஹெபாரினுக்குப் பிடிப்பு இல்லை. ஆட்டோகிளேவ் படலத்தை வீக்கும், காமாக் கதிர் புதிய தீவிர உறுப்புகளைப் பிறப்பிக்கும். ஹெபாரினைப் பிணைத்து முடித்து, உலர்த்தி, அதன் பிறகு எத்திலீன் ஆக்சைடு என்பதுதான் பொருந்தும் வரிசை. செல் நச்சுச் சோதனை, ஐ.எஸ்.ஓ. 10993-5, கிருமிநீக்கம் முடிந்து வாயு வெளியேறிய இறுதிப் பொருளில் செய்ய வேண்டும், பூசிய வேஃபரில் இல்லை. ரத்தத்தோடு படுவதால் 10993-4-ம் உண்டு. அந்தச் சோதனைக்கு அனுப்புவதற்கு முன்பு படலத்தை ஓர் இரவு தூய நீரில் ஊறவைத்து, கரையக்கூடிய சிறு மூலக்கூறுகளை வெளியேற்றிவிடுங்கள். செல்கள் சாவதற்குப் பெரும்பாலும் அவைதான் காரணம்.

---

மென்படலம்

10 வாட், 8 எஸ்.சி.சி.எம்., 32 நானோமீட்டர், கழுவிய சில்கார்டு, ஆர்கான் 30 நொடி. மூன்று நாளாகப் பி.பி.எஸ்.ஸில் விரிசல் இல்லை. வேஃபரில் 93 சதவீதம் தங்குகிறது. எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

கடைசியாக ஒன்று: அடுத்தது 2 மி.மீ. உள்விட்டச் சிலிக்கோன் குழாய், 30 செ.மீ. நீளம், உள்பக்கம் பூச வேண்டும். அதே அறையில் குழாயைக் கிடத்தினால் போதுமா?

---

வெற்றிடவாசி

போதாது. 15 பாஸ்கலில் பிளாஸ்மாவுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இருள் உறையே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இருக்கும். 2 மி.மீ. துளைக்குள் பிளாஸ்மாவுக்கு நிற்க இடமில்லை. வெளிப்பக்கம் அழகாகப் பூசப்படும், உள்ளே வாயிலிருந்து கொஞ்ச தூரத்துக்குத் தீவிர உறுப்புகள் பரவிப் படியும், நடுவில் வெறும் ரப்பர்.

குழாயையே அறையாக்குங்கள். ஒரு முனையில் மோனோமர், கூடவே தாங்கு வாயுவாக ஆர்கான் அல்லது ஹீலியம், மறுமுனையில் பம்ப். உள்ளழுத்தம் சில நூறு பாஸ்கல். வெளியே குழாயைச் சுற்றி இரண்டு செம்பு வளையங்கள், ஒன்றில் ஆர்.எஃப்., ஒன்று நிலம். வளையங்கள் நகராமல் இருந்தால் அவற்றுக்கு நடுவில் மட்டுமே படியும். அதோடு மோனோமர் நுழையும் பக்கம் தடித்தும் வெளியேறும் பக்கம் மெலிந்தும் போகும், ஏனென்றால் வழியிலேயே மோனோமர் தீர்ந்துவிடுகிறது. ஆகவே வளையங்களைச் சீரான வேகத்தில் நகர்த்துங்கள், பாதி நேரத்தில் வாயுவின் திசையை மாற்றுங்கள். 30 செ.மீ. நீளத்துக்கு இரு முனைகளிலும் அழுத்தம் வேறாக இருக்கும், அதை மறந்து ஒரு முனையில் மட்டும் கேஜ் வைத்தால் எண் ஏமாற்றும். சுவர் மெல்லியதாக இருந்து குழாய் அமுங்கினால், அதை ஒரு கண்ணாடிக் குழலுக்குள் நுழைத்து, வெளிப்பக்கத்தையும் இழுத்துவிடுங்கள். வெளியே ஒளிராத அளவுக்கு அந்த வெற்றிடம் உள்ளேயிருப்பதைவிட ஆழமாக இருக்க வேண்டும்.

பூசிய குழாயை 2 செ.மீ. துண்டுகளாக வெட்டி, நீளவாக்கில் பிளந்து, ஆசிட் ஆரஞ்சு சாயத்தில் போடுங்கள். எங்கே படிந்தது, எங்கே படியவில்லை என்று கண்ணுக்கே தெரியும். நிறம் சீரான பிறகு எக்ஸ்.பி.எஸ்.ஸுக்கு இரு முனையிலிருந்தும் நடுவிலிருந்தும் ஒவ்வொரு துண்டு அனுப்புங்கள்.